ஸ்டார் ட்ரெக் டாக்டரின் கருவியும் விரலில் மாட்டும் கிளிப்பும்

1966-ல் அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளிக் கதைத் தொடர் டிவியில் ஆரம்பித்த சமயம், ஒரு எபிசோடுக்காக விசித்திரமான வடிவத்தில் சில உப்புக் குப்பிகள் வாங்கினார்கள். ஆனால் டிவியில் பார்ப்பவர்களுக்கு அது உப்புக் குப்பி என்றே புரியாது என்று தோன்றியதால் சாதாரணக் குப்பியையே காட்டிவிட்டார்கள். வாங்கியது வீணாகாமல் கதையில் வரும் விண்கல மருத்துவர் டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவியாக மாறியது. தோளில் தொங்கும் பெட்டிக்கு ட்ரைகார்டர் என்று பெயர். கையில் ஒரு சின்ன உருளை. அதை நோயாளியின் உடம்புக்கு மேலே தொடாமல் நகர்த்தினால் போதும், உள்ளே என்ன கோளாறு என்று தெரிந்துவிடும்.

1980களில் தூர்தர்ஷனில் இந்தத் தொடர் வந்தது. வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் விடாத ரசிகர்கள். அவர்கள் பிள்ளைகள் புதிய தொடர்களை மொபைலில் பார்க்கிறார்கள். இரண்டு தலைமுறையும் உட்கார்ந்தால் பேச்சு ஒளியை மிஞ்சும் வார்ப் வேகத்துக்கும், ஆளை மறைத்து இன்னொரு இடத்தில் இறக்கும் இயந்திரத்துக்கும்தான் போகும். எனக்கு ட்ரைகார்டர்தான் பெரிது. அதில் ஒரு பங்கு ஏற்கெனவே வந்துவிட்டது. வண்ணாரப்பேட்டையில் எந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் கொடுப்பார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அந்த பல்ஸ் ஆக்சிமீட்டர்.

முழு ட்ரைகார்டரையே செய்து பார்க்கவும் ஒரு போட்டி நடந்தது. 2012-ல் எக்ஸ்பிரைஸ் என்ற அமைப்பு 1 கோடி டாலர் பரிசு அறிவித்தது. 2017-ல் முதலிடம் பிடித்தது, பென்சில்வேனியாவில் ஓர் அவசர சிகிச்சை டாக்டர் உடன்பிறந்தவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்திய சின்னக் குழு. ஆனால் அவர்கள் கொண்டுவந்தது ஒற்றைப் பெட்டி இல்லை. உடம்பில் ஒட்டும் சென்சார்கள், கேள்வி கேட்கும் டேப்லெட் என்று பல துண்டுகள். ஒவ்வொரு கோளாறுக்கும் உடம்பு ஒவ்வொரு விதமாகத்தான் தடயம் காட்டும் என்பதால் அதற்குத் தனித்தனி வழி வேண்டியிருக்கிறது.

சரி, ஆக்சிமீட்டருக்கு வருவோம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்மேல் விரலை வையுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். டார்ச் வெள்ளை வெளிச்சம்தான். அதிலிருக்கும் நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பித்து வெளியே வருகிறது. எலும்பு ஏன் தெரிவதில்லை என்றால், சதைக்குள் ஒளி நேராகப் போவதில்லை, எங்கெங்கோ சிதறித்தான் வருகிறது.

அந்தச் சிவப்பிலும் ஒரு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு, ஆக்சிஜனை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பு. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை, ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட பத்து மடங்கு அதிகமாக விழுங்கும். 940 நானோமீட்டரில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், கதை தலைகீழ்: அங்கே ஆக்சிஜன் உள்ளதுதான் அதிகம் விழுங்கும். கிளிப்பின் ஒரு பக்கத்தில் இந்த இரண்டு நிறத்துக்கும் இரண்டு எல்.இ.டி. இருக்கின்றன. அவை நொடிக்குப் பல நூறு தடவை மாறி மாறி மின்னும். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் சென்சார் எந்த நிறம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்க்கும். நடுவில் இரண்டையும் ஒரு கணம் அணைத்து, அறை வெளிச்சத்தைக் கழித்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், விரலில் தோல், நகம், எலும்பு, சிரை ரத்தம் எல்லாமே ஒளியை விழுங்குகின்றன. ஆளுக்கு ஆள் விரலின் தடிமனும் வேறு. நமக்கு வேண்டியதோ, இதயத்திலிருந்து ஆக்சிஜனோடு வரும் தமனி ரத்தத்தின் கணக்கு மட்டும். இதற்கு வழி கண்டவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் டக்குவோ அயோயகி. 1970களின் தொடக்கத்தில் அவர் தேடியது ஆக்சிஜனை அல்ல. ரத்தத்தில் சாயத்தைக் கலந்து, காது வழியே ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து, கருவி வரையும் கோடு நடுங்கியது. இரண்டாவது நிறத்தைக் கொண்டு அந்த நடுக்கத்தைக் கழிக்க முயன்றார்; ஆக்சிஜன் அளவு மாறும்போதெல்லாம் கழித்தல் சரியாக வரவில்லை. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. அந்த நடுக்கத்திலேயே ஆக்சிஜனின் அளவு இருக்கிறது. 1974-ல் அதை அறிவித்தார். மருத்துவக் கருவிகளில் இதைவிட அழகான யோசனையை நான் படித்ததில்லை.

இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் புதுத் தமனி ரத்தம் விரலுக்குள் பாய்கிறது. அந்தக் கணத்தில் சென்சாருக்கு வரும் ஒளி ஒன்றிரண்டு சதவீதம் குறைகிறது. தோலும் எலும்பும் துடிப்பதில்லை. காசிமேட்டில் கட்டிப் போட்ட படகு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்தே அலையின் உயரத்தைச் சொல்லலாம், அடியில் கடல் எத்தனை ஆழம் என்று தெரிய வேண்டியதில்லை. கிளிப் செய்வதும் அதுதான். சிவப்பில் ஏற்ற இறக்கம் எவ்வளவு, அகச்சிவப்பில் எவ்வளவு, சிவப்பின் கணக்கை அகச்சிவப்பின் கணக்கால் வகுத்தால் என்ன. விடை 1 என்றால் ஆக்சிஜன் சுமார் 85 சதவீதம். விடை குறையக் குறைய ஆக்சிஜன் கூடுகிறது.

இந்த 1-க்கு 85 என்று யார் சொன்னது? ரசிகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. டிவி ட்ரைகார்டர் உடம்பைப் பார்த்து உண்மையை நேராகச் சொல்லும். நம் கிளிப்புக்குள் இருப்பது ஓர் அட்டவணை. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்து, கிளிப்பின் விடையோடு பொருத்தி எழுதியது. ஆபத்து என்பதால் 70 சதவீதத்துக்குக் கீழே யாரையும் கொண்டுபோகமாட்டார்கள். அதற்குக் கீழே காட்டும் எண்ணெல்லாம் ஊகம்தான்.

அட்டவணை கைவிடும் இடங்களும் உண்டு. மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையிலிருந்து ஐஸ் அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணன் ஆசைக்கு விரலை நீட்டினார். திரையில் வெறும் கோடுதான்.

“இன்னாபா, நம்பரே வர்ல?”

“கையை நல்லா தேய்ச்சுட்டு வைங்கண்ணா.”

தேய்த்துக் கொஞ்ச நேரம் கழித்து வைத்ததும் 98 வந்தது. குளிரில் விரலின் ரத்தக்குழாய் சுருங்கிவிடும். துடிப்பு சென்சாருக்கு எட்டாமல் போகும். கருப்பு மருதாணியும் அடர்ந்த நெயில் பாலிஷும் ஒளியை மறித்துக் குழப்பும்.

புகை இதைவிட மோசம். மூடிய அறையில் ஓடும் ஜெனரேட்டரிலும் தீ விபத்திலும் வரும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டால், சிவப்பு ஒளிக்கு அது ஆக்சிஜன் ஏறியதைப் போலவே தெரியும். உடம்பு ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருக்க, கிளிப் 98 காட்டும். இரண்டே நிறம் வைத்திருக்கும் கருவிக்கு மூன்றாவது ஆளைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

அப்புறம் தோல் நிறம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் துடிப்பதில்லை, எனவே கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும் என்று நினைத்தார்கள். முழுதாகக் கழிவதில்லை. 2020-ல் அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை இதைக் காட்டியது. கிளிப் 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அட்டவணைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் வெளிர் தோல்காரர்களே அதிகம் என்பது ஒரு காரணம். வெயிலில் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. ஒரு கருவி எல்லோருக்கும் சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால், அதைச் சோதிக்கும் அறையில் எல்லா நிறத்தவரும் இருந்தாக வேண்டும். அறிவியலை நேசிக்கும் ரசிகர்கள் உரக்கக் கேட்க வேண்டிய விஷயம் இது.

அதுவரை, வீட்டில் கிளிப் மாட்டும்போது கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள், அசையாமல் வைத்து, துடிப்புக் கோடு சீரானபிறகு எண்ணைப் பாருங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், பேச்சுத் தடுமாறினால், எண்ணை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். ஸ்டான்லியோ பக்கத்தில் வேறு எந்த ஆஸ்பத்திரியோ, உடனே கிளம்புங்கள். அங்கே மணிக்கட்டுத் தமனியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து நேராகவே அளப்பார்கள். புகையில் மாட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள், பல நிறங்களில் ஒளி பாய்ச்சிக் கார்பன் மோனாக்சைடைத் தனியாகப் பிரித்துக் காட்டும் சோதனை இருக்கிறது.