"மூச்சு இழுத்துக்கிட்டுதானே இருந்தார், டாக்டர்?"

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்பாவைக் காரின் பின் சீட்டில் மடியில் சாய்த்து இருபது நிமிடம் ஓட்டி வந்திருப்பார்கள், மூச்சு இருக்கிறது என்ற நம்பிக்கையில் வழியெல்லாம் யாரும் அவர் நெஞ்சை அழுத்தி முதலுதவி (சிபிஆர்) செய்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை, யாரும் சொல்லித்தரவில்லையே.

அந்த இழுப்பு மூச்சே இல்லை. இதயம் நின்றபின் முதல் சில நிமிடங்கள் சிலருக்கு விட்டுவிட்டு, கரையில் போட்ட மீன்போல வாய் திறந்து மூடும், குறட்டை மாதிரி சத்தம்கூட வரும். உருப்படியாகக் காற்று உள்ளே போகாது. சிலருக்குக் கை கால் வெட்டும், உடனே வலிப்பு என்று சாவிக்கொத்தைத் தேட ஓடுவார்கள். ரத்தம் போகாத மூளை நாலைந்து நிமிடத்தில் கெடத் தொடங்கிவிடும், ஆம்புலன்ஸ் அதற்குள் வருவது கஷ்டம், அதுவரை நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்க வேண்டியது பக்கத்தில் இருப்பவர்தான்.

அதனால் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் அது போதும், நாடி பிடித்துப் பார்த்து நேரத்தை விடாதீர்கள், பதற்றத்தில் எங்களுக்கே சில சமயம் பிடிபடாது. ஒருவர் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடட்டும். மெத்தையில் இருந்தால் அழுத்தும்போது அமுங்கிவிடும், தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மார்பு நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல் உடம்பின் எடையைக் கொடுத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். ஆள் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறுங்கள், சீக்கிரம் சோர்ந்துவிடும்.

திடீரென விழுந்த பெரியவருக்கு, பழக்கமில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை, அழுத்தினாலே போதும். குழந்தைக்கும் நீரில் மூழ்கியவருக்கும் மட்டும் மூச்சுக் கொடுப்பது முக்கியம், அதைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளுங்கள்.

எலும்பு உடைந்துவிடுமே என்று கேட்பார்கள். ஆமாம், உடையலாம். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா, 108 ஊழியர் போனில் எண்ணச் சொல்லச் சொல்ல, வண்டி வரும்வரை கணவரின் நெஞ்சை விடாமல் அழுத்தியிருந்தார். ஷாக் கொடுத்தபின் இதயத்துடிப்பு திரும்பியது. விலா எலும்பு இரண்டில் விரிசல். மறுபரிசோதனைக்கு வந்தபோதும் அவர் இருமும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து "என்னாலதான் டாக்டர்" என்று அழுதார், கணவர்தான் சமாதானப்படுத்தினார்.