ஹெட்செட்: சொல்லின் கதை, தமிழில் என்ன, வாங்கும்போது எது

கடைக்குப் போய் 'ஒரு ஹெட்செட் குடுங்க' என்று கேட்டால் தமிழ்நாட்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். போனில் செருகும் ஒயர், கழுத்தில் கிடக்கும் நெக்பேண்ட், டப்பாவுக்குள் சார்ஜ் ஏறும் பட்ஸ், தலையை வளைத்துக் காதை மூடும் பெரிய உருப்படி என எல்லாவற்றுக்கும் இங்கே அதுதான் பெயர். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் 'காதுக்குள்ள வைக்கிறதா, மேல மாட்டுறதா?' என்ற எதிர்க்கேள்வி வருவது அதனால்தான்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. கேட்பதற்கு மட்டும் என்றால் ஹெட்போன். அதனுடன் பேசுவதற்கு மைக்கும் சேர்ந்தால் ஹெட்செட். பகலில் வீட்டிலிருந்தே அலுவலக வேலை, ராத்திரியில் கூட்டாளிகளோடு கேம் என்று இரண்டுக்கும் சேர்த்து ஒன்றை வாங்க நினைப்பவர் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வேலையிலும் கேட்பதோடு பேசவும் வேண்டியிருக்கிறது. கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை பாட்டுக் கேட்பதற்கென்று செய்து, மைக்கை ஒப்புக்கு வைத்தவை.

'ஹெட்' என்றால் தலை, அதில் விளக்க ஒன்றுமில்லை. 'செட்'டில்தான் கதை இருக்கிறது. ஒரு வேலைக்கு வேண்டிய பாகங்கள் எல்லாம் சேர்ந்த முழுக் கருவி என்பது இங்கே அதன் பொருள். ரேடியோ செட், டெலிபோன் செட் எல்லாம் அந்த வகைதான். இந்தச் 'செட்' நம் ஊருக்கும் பழகிய ஆள். வயலில் பம்புசெட்டு, கோயில் கொடையில் மைக்செட்டு. மைக்செட்டுக்காரர் வந்து இறங்கினால் மைக் மட்டுமா வரும்? கூம்பு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஒயர்ச் சுருள் எல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பெயர். பேசுவது, ஒலிப்பது இரண்டும் அதில் அடக்கம். ஹெட்செட்டில் உள்ள 'செட்'டும் இதே வகைதான்.

சொல் இருக்கட்டும், பொருள் பிறந்தது வேலையிடத்தில். 1880களில் அமெரிக்கத் தொலைபேசி இணைப்பகங்களில் ஆபரேட்டர்களின் கை வேலைக்கு ஒழிய வேண்டும் என்பதற்காக எஸ்ரா கில்லிலாண்ட் ஒரு கருவி செய்தார். அதைத் தோளில் சுமக்க வேண்டும். தலையில் மாட்டும் அளவுக்கு எடை குறைந்த காதுக் கருவிகளை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்ட்வின் 1910 வாக்கில் தன் வீட்டுச் சமையலறையிலேயே செய்து அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். ரேடியோ செய்தி கேட்கும் மாலுமிகளுக்கு அது. பிறகு 1961இல் விமானிகளின் கஷ்டம் தெரிந்த இரண்டு விமானிகள் பிளான்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, மெல்லிய, இலேசான ஹெட்செட்டைக் கொண்டுவந்தார்கள். 1969இல் நிலவில் கால்வைத்த ஆம்ஸ்ட்ராங் பேசியது அந்த நிறுவனத்தின் கருவி வழியாகத்தான். பாட்டுக் கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை ஜான் கோஸ் கொண்டுவந்தது 1958இல். காலவரிசையைப் பார்த்தால் இது வேலைக்காரர்களின் கருவி. பாட்டும் கேமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

சரி, தமிழில் என்ன சொல்வது? கலைச்சொல் பட்டியல்களைப் புரட்டினால் 'தலையணி கேட்பி', 'காதணி கேட்பி', 'செவிப்பொறி', வெறும் 'தலையணி' என்று வகைவகையாகக் கிடைக்கும்.

'கேட்பி' எனக்குப் பிடித்த சொல். கேள் என்பதன் பிறவினை கேட்பி, அதாவது கேட்கச் செய். ஆகவே கேட்கச் செய்வது எதுவோ அது கேட்பி. ஹெட்போன் செய்யும் வேலை அட்சரம் பிசகாமல் அதுதான். ஆனால் பேசும் பாதி அதில் இல்லை என்பதால் ஹெட்செட்டுக்கு அது போதாது. 'தலையணி' சுருக்கமாக இருக்கிறது. இருந்தும், தலையில் அணியும் எதற்கும் அது பொருந்தும், கிரீடத்துக்கும் சேர்த்து. அவசரத்தில் தட்டச்சு செய்தால் தலையணை ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. 'தலைபேசி' என்று சிலர் முயல்கிறார்கள். தமிழில் பெயருக்கு முன்னால் 'தலை' வந்தால் பல இடங்களில் முதன்மையானது என்று பொருள்: தலைநகர், தலைவாசல், தலைமகன். வீட்டில் உள்ள போன்களில் பெரிய போன் என்று பொருள் கொள்ள இடமாகிவிடும்.

என் ஓட்டு 'செவிபேசி'க்கு. தொலைபேசி, கைபேசி இரண்டிலும் பெயரில் இருப்பது 'பேசி' மட்டுந்தான், ஆனாலும் அவை கேட்கவும் பயன்படும் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. அந்தக் குடும்பத்தில் செவிபேசியையும் சேர்த்துக்கொள்ளலாம். தலையில் மாட்டுவதற்கும் சரி, மைக் உள்ள பட்ஸுக்கும் சரி, பொருந்தும். நடுவே 'ப்' போட வேண்டுமா என்று கேட்பவர்கள், கைபேசியா கைப்பேசியா என்ற வழக்கைத் தீர்த்துவிட்டு வரட்டும்.

மைக்குக்கு 'ஒலிவாங்கி' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழர்கள் அதை இயல்பாகவே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் எழுத்தில் மட்டும் வாழ்கிறது. சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் அமைந்த அழகான சொல். கடையிலிருந்து 'ஒலிவாங்கி வாங்கி' வரும்போது மட்டும் நாக்கு கொஞ்சம் இடறும். இனி இந்தக் கட்டுரையில் கேட்க மட்டும் என்றால் கேட்பி, இரண்டும் சேர்ந்தது செவிபேசி.

அப்புறம் 'வயர்லெஸ்'. நூறாண்டுக்கு மேலாகவே நம்மிடம் 'கம்பியில்லா' இருக்கிறது, மார்க்கோனி காலத்துக் கம்பியில்லாத் தந்தியிலிருந்து. இதில் ஒரு வேடிக்கை. தந்தி என்ற சொல்லுக்கே நரம்பு, கம்பி என்றுதான் பொருள். வீணைத் தந்தியைத் தடவிப் பார்த்தால் தெரியும். ஆக, கம்பியில்லாத் தந்தி என்றால் கம்பியில்லாத கம்பி. யாரும் கவலைப்படவில்லை, சொல் நின்றுவிட்டது.

இன்றைக்கு அந்தக் 'கம்பியில்லா'வுக்குள் இரண்டு வேறு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். வாங்குகிறவர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் ஆள் புளூடூத். 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர் அது. எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கிய தொழில்நுட்பத்துக்கு, இன்டெல்லின் ஜிம் கார்டாக் 1997இல் தற்காலிகமாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் 'நீலப்பல்' என்று கேலிக்குச் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் தனித்தமிழ்ப் பட்டியலில் இதற்கு 'ஊடலை' என்று இருக்கும், ஊடாகச் செல்லும் அலை என்ற கணக்கில். சொல் சரிதான். ஆனால் 'ஊடலை நிறுத்து' என்று எழுதிப் பாருங்கள். கருவியை அணைக்கச் சொல்கிறீர்களா, மனைவியைச் சமாதானப்படுத்துகிறீர்களா என்று படிப்பவர் திகைப்பார். தெருவில் நிலைமை வேறு. 'அவன் புளூடூத் மாட்டிக்கிட்டுப் பேசுறான்' என்னும்போது தொழில்நுட்பத்தின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை, புளூடூத் அப்படியே இருக்கட்டும்.

இரண்டாம் ஆள் டாங்கிள். கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் விரல்நுனி அளவுத் துண்டு. இந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அகராதிகளே கையை விரிக்கின்றன. தமிழில் 'செருகி' என்றால் போதும். பெட்டியில் '2.4 கிகாஹெர்ட்ஸ்' என்று தனியாகப் போட்டிருந்தால் அது இந்தச் செருகியைத்தான் குறிக்கும். இத்தனைக்கும் புளூடூத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகிறது. அலைவரிசை ஒன்று, பேசும் முறை வேறு.

முறை வேறு என்பதன் பலன் கேமில் உடனே தெரியும். சாதாரண புளூடூத்தில் ஒலி காதுக்கு வர நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குவரை தாமதமாகும். சினிமா பார்க்கும்போது செயலிகள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். கேமில் அந்தத் தந்திரம் செல்லாது. சுவருக்குப் பின்னால் எதிரியின் காலடிச் சத்தம் வந்து நீங்கள் திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். செருகியில் தாமதம் மிகக் குறைவு, விளையாடுகிறவர் உணர முடியாத அளவு.

வேலைக் கூட்டத்தில் வேறொரு தொல்லை. விண்டோஸ் 10 கணினியில் புளூடூத் செவிபேசியை இணைத்துவிட்டு ஒலி அமைப்பைத் திறந்தால், ஒரே கருவி இரண்டு பெயரில் நிற்கும். ஒன்று 'ஹெட்போன்ஸ்', பக்கத்தில் ஸ்டீரியோ என்று இருக்கும். இன்னொன்று 'ஹெட்செட்', பக்கத்தில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்று இருக்கும். மேலே பார்த்த அகராதி வேறுபாடு அப்படியே திரையில். புளூடூத்தில் நல்ல தரத்தில் ஸ்டீரியோ ஒலி தரும் வழி ஒருவழிப்பாதை, அதில் உங்கள் குரல் திரும்பிப் போக இடமில்லை. மைக்கைத் திறந்தவுடன் கருவி இன்னொரு வழிக்குத் தாவும். அது தொலைபேசிப் பேச்சுக்காக வகுத்தது. பழைய முறையில் ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து மாதிரி எடுக்கும், சற்றே மேம்பட்டதில் 16,000 முறை. சிடியின் ஒலியில் 44,100. அதனால்தான் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கூட்டம் தொடங்கினால் பாட்டு சட்டென்று தகர டப்பாவுக்குள் விழுந்துவிடுகிறது. கேட்பியாக இருந்தது செவிபேசியாக மாறிய கணம் அது. விண்டோஸ் 11 இரண்டு பெயரையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது, உள்ளே நடப்பது பெரும்பாலும் அதேதான்.

கையில் ஏற்கெனவே நல்ல புளூடூத் கேட்பி இருப்பவர்களுக்கு இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கூட்டச் செயலியின் அமைப்பில் ஒலிவாங்கியாக மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். கேட்பி ஒருவழிப்பாதையிலேயே நிற்கும், தரம் இறங்காது. புதிதாக வாங்குபவர் புளூடூத்தில் 'எல்இ ஆடியோ' என்ற 2020இல் அறிவித்த புதிய முறையைத் தேடலாம், அதில் இந்தத் தாவல் பிரச்சினை குறைகிறது. ஆனால் செவிபேசி, கணினி இரண்டிலுமே அது இருந்தாக வேண்டும்.

அடுத்தது 'நாய்ஸ் கேன்சலேஷன்', தமிழில் இரைச்சல் நீக்கம். மழை இரைச்சல், கடல் இரைச்சல் என்று விடாமல் ஒரே சீராக ஒலிப்பதைச் சொல்ல நாம் வைத்திருக்கும் சொல் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். இதற்கும் விமானத்தோடுதான் உறவு. 1978இல் விமானப் பயணத்தில், போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்குத் தோன்றிய யோசனை, 1989இல் விமானிகளுக்கான செவிபேசியாகச் சந்தைக்கு வந்தது. வெளியிலிருந்து வரும் அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அதை அழிப்பதுதான் வித்தை. மின்விசிறி, ஏசி, பேருந்து எஞ்சின் போன்ற தாழ்ந்த, சீரான இரைச்சலை இது நன்றாகக் குறைக்கும். குக்கர் விசில் அடிக்கும்போது ஒன்றும் செய்யாது.

இதில் விளம்பரக்காரர்கள் செய்யும் குழப்பம், ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்), ஈஎன்சி (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்) என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிப்பது. முன்னது உங்கள் காதுக்கு. பின்னது உங்கள் ஒலிவாங்கிக்கு, அதாவது எதிர்முனையில் இருப்பவரின் காதுக்கு. ஏஎன்சி பிரமாதமாக இருக்கும் கருவியை மாட்டிக்கொண்டு நீங்கள் அமைதியில் மிதப்பீர்கள், உங்கள் வீட்டு மிக்சி ஓடுவதை மேலாளர் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சுக்கு உண்மையில் உதவுவது வாய்க்கருகே நீளும் குச்சி மைக். தூரம் குறைந்தால் குரல் ஓங்கும், சுற்றுச்சத்தம் தானாகப் பின்னுக்குப் போகும். காதுக்கருகே பொதிந்திருக்கும் மைக்குகள் மென்பொருளால் ஈடுகட்டப் பார்க்கின்றன, அமைதியான அறையில் ஓரளவு ஜெயிக்கின்றன.

ஆகவே இரண்டு வேலைக்கும் ஒன்றே வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது: செருகியும் புளூடூத்தும் இரண்டும் உள்ள, மடக்கவோ கழற்றவோ முடிகிற குச்சி மைக் கொண்ட செவிபேசி. கணினிக்குச் செருகி, போனுக்குப் புளூடூத். ஏஎன்சிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை, தனி அறை இருப்பவர்கள் மிச்சப்படுத்தலாம். கேம் கருவி வைத்திருப்பவர்கள் பெட்டியில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 புளூடூத் செவிபேசியை நேரடியாக ஏற்காது, செருகி வேண்டும். எக்ஸ்பாக்ஸுக்குச் சொந்தமாகவே தனி முறை உண்டு. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021இல் புளூடூத்துக்குக் கதவைத் திறந்தது, கேட்க மட்டும்.

செருகியை யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் வைக்காதீர்கள். அந்த இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல்லே 2012இல் எழுதி வைத்திருக்கிறது. ஒரு சின்ன நீட்டிப்பு ஒயரில் தள்ளி வைத்தால் விட்டுவிட்டுக் கேட்பது பெரும்பாலும் நின்றுவிடும். காது மெத்தை ரெக்சினா துணியா என்பதையும் பாருங்கள். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் ரெக்சின் சீக்கிரம் உரிந்து காதோரம் கறுப்புத் துகளாக ஒட்டும், மாற்று மெத்தை கிடைக்கும் மாடல் என்றால் கவலையில்லை.

வாங்கி வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை செய்யுங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, வேலைக்குப் பயன்படுத்தும் அதே செயலியில் நண்பரை அழையுங்கள். பாதிப் பேச்சு செருகியில், பாதி புளூடூத்தில். எது தெளிவு என்பதை அவர் சொல்லட்டும், உங்கள் குரல் போய்ச் சேருவது அவர் காதுக்குத்தானே.