ரீமாஸ்டர்: தமிழில் செம்பதிவு

ஏற்காடு போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது அந்த நுழைவாயில் வளைவுதான். ஆனால் டி.ஆர். சுந்தரத்தின் அந்தக் கம்பெனி சேலத்தில் எடுத்த படங்களின் பாட்டுகள் மட்டும் செல்போனில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன, அதுவும் பெயருக்குப் பக்கத்தில் ‘ரீமாஸ்டர்’ என்ற பட்டத்தோடு. 1950இல் வந்த மந்திரி குமாரிக்கும் அதே பட்டம், 1966இல் வந்த வல்லவன் ஒருவனுக்கும் அதே பட்டம். கேட்டால் ஒன்றில் குரல் பக்கத்தில் நின்று பாடுகிறது, இன்னொன்றில் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

‘மாஸ்டர்’ நமக்குப் புதிதில்லை. டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர் என்று ஊர் முழுக்க மாஸ்டர்கள்தான். இதற்கு வேர் லத்தீனில் ‘மகிஸ்டர்’, அதாவது மேலானவர், ஆசிரியர். அதே வேர் போர்ச்சுகீசியத்தில் ‘மெஸ்த்ரே’ ஆகி நம்மிடம் ‘மேஸ்திரி’ என்று வந்து சேர்ந்தது. ஆக சித்தாளை விரட்டுகிற மேஸ்திரியும் பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாஸ்டரும் பங்காளிகள். ஒலிப்பதிவுத் தொழிலில் மாஸ்டர் என்பது ஆள் இல்லை, எந்தப் பதிவிலிருந்து மற்றப் படிகள் எல்லாம் பிறக்கின்றனவோ அந்த மூலப்பதிவு.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றுகிற பழைய இசைத்தட்டுகளின் காலத்தில் அந்த மூலம் கையில் பிடிக்கக்கூடிய உலோகம். மெழுகில் வெட்டிய பதிவின் மேல் உலோகம் பூசி உரித்தெடுத்தால் பள்ளம் மேடாக, மேடு பள்ளமாகத் தலைகீழாக ஒரு தட்டு கிடைக்கும், அதுதான் மாஸ்டர். அதிலிருந்து எடுப்பதற்குப் பெயர் ‘மதர்’, அதாவது தாய்த்தட்டு. தாய்த்தட்டிலிருந்து ‘ஸ்டாம்பர்’ எடுத்து அதை வைத்து அழுத்தினால் கடைக்கு வருகிற அரக்குத் தட்டு, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடப் பாட்டு. காந்த நாடா வந்த பிறகு மாஸ்டர் என்றால் நாடாச் சுருள் என்று ஆகிவிட்டது.

அப்படியானால் ரீமாஸ்டர் என்பதற்கு நேரான பொருள்: மூலத்துக்கே திரும்பிப் போய் அதிலிருந்து புதிதாக ஒரு நல்ல படி எடுப்பது. மூலம் இல்லாவிட்டால், கிடைத்ததிலேயே நல்ல தட்டைத் தேடிப் பிடிப்பது. ஒரு தட்டில் தொடக்கம் தேய்ந்திருக்கும், இன்னொன்றில் நடுவில் கீறல் இருக்கும், இரண்டிலும் நல்ல பகுதிகளை எடுத்து ஒட்டவேண்டும். ஊசியையும் பார்க்கவேண்டும்: பின்னால் வந்த எல்பி இசைத்தட்டுக்கான ஊசி மெல்லியது, 78 தட்டின் அகலப் பள்ளத்தில் அது அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். வேகம் கொஞ்சம் கூடினால் சுருதி ஏறிவிடும், அப்புறம் திருச்சி லோகநாதன் குரலே வேறு யாரோ மாதிரி கேட்கும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டரில் தூசுச் சத்தம் நீக்குகிற வேலை.

நடைமுறையிலோ கடைசி வேலையை மட்டும் செய்துவிட்டுப் பட்டத்தை ஒட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டிலிருந்து எடுத்தது, அதை ஒரு மென்பொருளில் போட்டு இரைச்சலோடு சேர்த்து வயலினின் மேல்ஸ்தாயியையும் வழித்தெறிந்து, சத்தத்தை ஏற்றி, ஒற்றைத் தடப் பதிவை எதிரொலி போட்டு ஸ்டீரியோவாக்கினால் ரீமாஸ்டராம். இப்படிப் பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1950இன் பதிவுகளுக்கு அது 2010 முடிவோடு தீர்ந்துவிட்டது (பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு).

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மறுவெளியீடு’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது ரீஇஷ்யூவுக்குத்தான் சரி. பழைய படியை அப்படியே திரும்ப வெளியிட்டாலும் மறுவெளியீடுதானே. ‘மறுபதிவு’ என்றால் பாடகரைக் கூப்பிட்டு மறுபடி பாடவைத்த மாதிரி ஆகிவிடும். எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘செம்பதிவு’. பதிப்புத் துறையில் ஏற்கெனவே ‘செம்பதிப்பு’ இருக்கிறது: பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதம் (சுவடிக்குச் சுவடி மாறுகிற சொற்கள்) பார்த்து, மூலத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிற பதிப்பு. நம்ம சேலத்துக்கு அதில் ஒரு பங்கும் உண்டு. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார்தான் உ.வே.சா.விடம் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டு, பிரதியும் கொடுத்து, அந்த வேலையில் இறக்கிவிட்டவர். சீவக சிந்தாமணி அச்சில் வந்தது 1887இல், எமில் பெர்லினர் கிராமபோனுக்குக் காப்புரிமை வாங்கியதும் அதே ஆண்டுதான்.

ஆகவே செம்பதிவு என்று போட்டால் கூடவே மூலம் எது என்றும் போடவேண்டும்: நாடாவா, படச்சுருளின் ஒலித்தடமா, எந்த எண்ணுள்ள தட்டு. அதைச் சொல்லாத எதையும் ‘தூசு நீக்கிய படி’ என்று அழைத்தாலே போதும், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இந்த வித்தியாசத்தால் அதிகம் லாபம் அடையப்போவது வேதா மாதிரி ஆட்கள். மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அறுபதுகளில் வரிசையாக இசையமைத்தவர், இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று ஒரே வரியில் ஒதுக்கப்பட்டவர். மெட்டு வேண்டுமானால் கடன், வாத்தியங்களை அடுக்கிய விதம் அவருடைய கணக்கு. மங்கிப்போன கேசட்டில் அது யார் காதிலும் விழவில்லை. வல்லவன் ஒருவனில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’யை நல்ல படியில் கேளுங்கள், குரலை விட்டுவிட்டு பின்னால் வாசிப்பவர்களை மட்டும். அதே பாட்டுக்குப் புது டிரம்ஸ் சேர்த்து ஒன்று சுற்றுகிறது, அதையும் ரீமாஸ்டர் என்றுதான் போட்டிருக்கிறார்கள். அது ரீமிக்ஸ், தமிழில் மறுகலவை.