காகிதத்தைவிட வலுக்குறைந்த பசை

கிழிந்த பழந்தாளை ஒட்ட எவ்வளவு வலுவான பசை வேண்டும் என்று கேட்டால், காகிதப் பாதுகாப்பில் தேர்ந்தவர்கள் சொல்லும் விடை பலருக்கு வியப்பளிக்கும்: ஒட்டப்படும் தாளைவிடப் பசை வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். ஒட்டிய தாள் இழுபடும்போதோ வளையும்போதோ ஏதேனும் ஒன்று விட்டுக்கொடுத்தே தீரும். பசை விட்டுக்கொடுத்தால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளலாம். தாள் விட்டுக்கொடுத்தால் ஒட்டின் ஓரத்திலேயே புதிய கிழிசல் விழும். இந்த அளவு கைக்குப் பழகினால்தான் பிடிபடும். பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்காக ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இக்ரோம் என்னும் பன்னாட்டு அமைப்பும், பண்பாட்டுச் சொத்துகளுக்கான டோக்கியோ தேசிய ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஜப்பானியக் காகிதப் பாதுகாப்புக்கென 1992இல் தொடங்கிய பன்னாட்டுப் பயிற்சியில், பல நாடுகளின் காப்பாளர்கள் பசை தயாரிப்பதிலிருந்து சுருளோவியத்தின் முதுகில் தாங்கலாகப் பின்தாள் ஒட்டுவது வரை தாங்களே செய்து பழகுவதற்கு இதுவே காரணம்.

முதலில், கிழிசலின்மேல் ஒட்டும் தாள். மல்பெரிக் குடும்பத்தைச் சேர்ந்த கோஸோ செடியின் உட்பட்டையிலிருந்து செய்யப்படும் ஜப்பானியக் காகிதத்தின் இழைகள் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளமானவை. சாதாரண அச்சுத்தாளில் சேரும் வன்மரக் கூழின் இழைகளோ 1 மில்லிமீட்டர் அளவே இருக்கும். நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், பின்னால் வைத்த எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லிய தாளும் எளிதில் அறுவதில்லை. ஒட்டுத்தாளைக் கத்தரியால் வெட்டுவது வழக்கமில்லை. நனைத்த தூரிகையால் ஒரு கோடு இழுத்து, நீர் ஊறியதும் இரு கைகளாலும் மெல்லப் பிரித்தால், விளிம்பில் இழைகள் பஞ்சுபோல நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த இழைகள் பழந்தாளின்மேல் பரவிப் படிவதால், ஒட்டின் விசை ஒரே கோட்டில் குவியாமல் பகிர்ந்துபோகிறது. வெட்டிய நேர்விளிம்பு அந்த இடத்தில் ஒரு மடிப்புக்கோட்டையே உண்டாக்கிவிடும்.

அடுத்தது பசை. சுவரொட்டிக்கு நாம் காய்ச்சும் மைதாப் பசையில் புரதமும் இருக்கிறது. காப்பாளர்கள் அதை நீக்கிவிட்டு மாவுச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுக்கும்போது அடியில் படிகிற அதே வெண்ணிறப் பொருள்தான் இது. நீரில் கலந்து சூடாக்கினால் மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துக் கூழாகின்றன. ஆறி இறுகிய கூழைச் சல்லடையில் தேய்த்து, நீர் விட்டுத் தளர்த்திப் பயன்படுத்துகிறார்கள். காகித இழைகளின் மூலப்பொருளான செல்லுலோஸைப் போலவே மாவுச்சத்தும் குளுக்கோஸ் அலகுகளால் ஆன சங்கிலி என்பதால், இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கின்றன. நீர் பட்டால் அப்பிணைப்புகள் தளரும். ஆகவே பல பத்தாண்டுகள் கழித்தும் ஒட்டை ஈரப்படுத்திப் பிரிக்க முடிகிறது. செல்லோடேப்பின் பசை இதற்கு நேர்மாறானது. காலப்போக்கில் அது இழைகளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாக நிலைத்துவிடுகிறது. பழைய பத்திரங்களையும் கையெழுத்துகளையும் லேமினேஷன் செய்யக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது உண்மையாகவே மனம் பதைக்கிறது. உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

ஜப்பானியச் சுருளோவியங்களில் இந்த வலுக்குறைவைத் தேடியே ஒரு பசையைப் பழுக்கவைக்கிறார்கள். கடுங்குளிர் காலத்தில் காய்ச்சிய மாவுப்பசையைச் சாடிகளில் இட்டுப் பத்தாண்டு அளவுக்கு வைத்திருந்தால் ‘ஃபுருநோரி’ என்னும் பழம்பசை கிடைக்கிறது. அந்த ஆண்டுகளில் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைச் சிதைத்துக் குறுக்கிவிடுகின்றன. ஓவியத்தை ஒட்டியிருக்கும் முதல் பின்தாளுக்குப் புதுப்பசையும், அதற்கடுத்த அடுக்குகளுக்குப் பழம்பசையும் இடுவது மரபு. எல்லா அடுக்குக்கும் புதுப்பசையே இட்டால் சுருள் விறைத்து, சுருட்டும்போதெல்லாம் ஓவியத்தில் மடிப்பு விழும். பழம்பசைக்குப் பற்றும் திறன் குறைவு என்பதால், தாளை ஒட்டிய கையோடு கனமான தூரிகையால் அதன் முதுகில் சீராகத் தட்டுகிறார்கள். அந்தத் தட்டில் இரண்டு தாள்களின் இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று அமிழ்ந்து கோத்துக்கொள்கின்றன. பசை குறைந்த இடத்தை இழைப்பின்னல் ஈடுசெய்கிறது. தட்டு லேசானால் அடுக்கு பிரியும், மிகுந்தால் ஈரத்தாள் நைந்துபோகும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் அந்த ஓசையைக் கேட்டே திருத்துவார்.

ஈரமான தாள் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இழைகளின் குறுக்குவாக்கில் சுருக்கம் அதிகம். தானாக உலரவிட்டால் தாள் நெளிந்துவிடும். இதைத் தடுக்க, மரச்சட்டத்தின்மேல் பல அடுக்குக் காகிதம் ஒட்டிப் பெர்சிமன் பழச்சாறு பூசிய ‘கரிபரி’ பலகையில், பின்தாளின் ஓரங்களை மட்டும் பசையிட்டு ஒட்டுகிறார்கள். உலரும்போது தாள் சுருங்கப் பார்க்கும். ஓரங்கள் பிடித்திருப்பதால் அந்த இழுவையே அதைத் தட்டையாக்குகிறது. ஒட்டும்போதே ஓரத்தில் ஒரு சிறு வாய் விடுவார்கள். பின்னர் அதன் வழியே மூங்கில் தகட்டை நுழைத்து ஓட்டித்தான் தாளை எடுக்க வேண்டும். நல்ல பட்டறைகளில் ஓவியத்தை மாதக்கணக்கில் பலகையிலேயே விட்டுவைக்கிறார்கள். ஈரக்காற்றிலும் வறண்ட காற்றிலும் மாறிமாறி விரிந்து சுருங்கி, அடுக்குகள் ஒன்றுக்கொன்று இசைந்து அடங்க அவ்வளவு காலம் பிடிக்கிறது.