ஷேர்டு லைவ்ஸ் வீட்டில் தங்குபவர் எதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டும்?

இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் 18 வயதுக்கு மேல் ஒரு குடும்பத்தோடு தங்கிக்கொள்ள ஷேர்டு லைவ்ஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. விசாரித்துப் பயிற்சி கொடுத்து அனுமதிக்கப்பட்ட குடும்பம் ஒரு அறையைக் கொடுத்து, வீட்டு ஆளாகவே வைத்துக்கொள்ளும். ஒரு வீட்டில் அதிகபட்சம் மூன்று பேர். ஏற்பாடு நல்லதுதான், கணக்குதான் குழப்பும், ஏனென்றால் அதில் மூன்று வெவ்வேறு பணம் ஓடுகிறது.

முதலாவது பராமரிப்புக் கட்டணம். இதைக் குடும்பத்துக்குக் கொடுப்பது கவுன்சில், அதாவது அந்தப் பகுதியின் உள்ளாட்சி. தங்குபவரின் வருமானத்தைப் பார்த்து 2014ஆம் ஆண்டு கேர் ஆக்ட் படி அவரிடம் ஒரு பங்கை வாங்கலாம். வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலான கவுன்சில்கள் விடுவதில்லை. இரண்டாவது வாடகை, அது பெரும்பாலும் அரசின் வாடகை உதவியிலேயே (ஹவுசிங் பெனிஃபிட் அல்லது யுனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பகுதி) வந்துவிடும். மூன்றாவது சாப்பாடு, கரன்ட், கேஸ், தண்ணீர். இதற்கு அந்த வாடகை உதவி கிடையாது, அவர் கைப்பணத்திலிருந்துதான் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்.

சிக்கல் இந்த மூன்றாவதில்தான். பராமரிப்புக்கு எவ்வளவு பிடித்தாலும், குறிப்பிட்ட ஒரு தொகையை அவர் கையில் விட்டாக வேண்டும் என்பது விதி. மினிமம் இன்கம் கேரண்டி என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சாப்பாட்டுக்கும் கரன்ட்டுக்குமான காசும் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். ஒரு பேச்சுக்கு, வாரத்துக்கு 70 பவுண்டு வீட்டுச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போக மிச்சத்தில்தான் துணி, செல்போன், முடிவெட்டு, பஸ், சினிமா எல்லாம். ஆக கவுன்சில் பில்லை மட்டும் பார்த்து 'சரி, கட்டிவிடலாம்' என்று தலையாட்டாதீர்கள்.

அவர் பங்கைக் கணக்குப் போடும்போது பிப் உதவித்தொகையின் (குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு கொடுப்பது) போக்குவரத்துப் பகுதியையும் வேலைச் சம்பளத்தையும் கவுன்சில் தொடக்கூடாது. பிப்பின் அன்றாடப் பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் குறைபாட்டால் வரும் கூடுதல் செலவை (அடிக்கடி துவைக்க வேண்டிய படுக்கை, தனிப்பட்ட உணவு) கழித்துவிட வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் கழிக்கமாட்டார்கள், ரசீதுகளை எடுத்து வையுங்கள். சேமிப்பு 14,250 பவுண்டுக்குள் இருந்தால் கணக்கிலேயே வராது, 23,250ஐத் தாண்டினால் பராமரிப்பின் முழுச் செலவும் அவர் தலையில்.

சம்பளத்தை விட்டுவிட்டு உதவித்தொகையை மட்டும் எண்ணினால், வேலைக்கே போக முடியாதவருக்குத்தானே அடி அதிகம்? நார்ஃபோக் கவுன்சிலின் கட்டண முறையில் இதுதான் நடந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு இளம்பெண் தொடுத்த வழக்கில், அது பாரபட்சம் என்று 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வளர்ப்புக் குடும்பத்திலேயே (ஃபாஸ்டர் குடும்பம்) வளர்ந்து, 18க்குப் பிறகு அங்கேயே ஷேர்டு லைவ்ஸில் தொடர்பவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி. அதே வீடு, அதே அறை, ஆனால் 18 ஆனதும் குடும்பத்துக்கு வந்துகொண்டிருந்த வளர்ப்புத் தொகை நின்று, வாடகையும் சாப்பாட்டுக் காசும் பிள்ளையின் பெயரில் வரும். பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்பே உதவித்தொகை விண்ணப்பங்களைத் தொடங்கிவிடுங்கள். பெற்றோர் வீட்டிலேயே தங்குபவருக்கு ஹவுசிங் பெனிஃபிட் கிடையாது, நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கும் வாடகையை அவர்கள் ஏற்பதில்லை.

தங்கப் போகும் முன் எழுத்தில் வாங்க வேண்டியது: வாராந்திரத் தொகையில் எந்தெந்தச் சாப்பாடு அடக்கம், வெளியூர் போன வாரத்துக்கும் கட்ட வேண்டுமா, வெளியே சாப்பிட்டால் உடன் வருபவரின் பில் யாருடையது. இந்தக் கடைசிக் கேள்வியில் வரும் மனத்தாங்கல்தான் அதிகம். (சினிமாவுக்கு சிஇஏ கார்டு வாங்கினால் துணைக்கு வருபவருக்கு டிக்கெட் இலவசம்.) அவரால் கணக்கு வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது என்றால், அவர் சார்பில் உதவித்தொகையை வாங்கும் அப்பாயின்டியையும் வைத்துக்கொண்டுதான் கவுன்சில் பேச வேண்டும், அந்தப் பொறுப்பு காசு வாங்கும் குடும்பத்திடமே இல்லாமலிருப்பது நல்லது.

கவுன்சில் போட்ட கணக்கின் எழுத்துப் பிரதி உங்கள் உரிமை. தப்பாகத் தோன்றினால் முதலில் கவுன்சிலிலேயே புகார், அங்கே நடக்கவில்லை என்றால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்புட்ஸ்மன் (கவுன்சில்கள் மீதான புகார்களைத் தனியாக விசாரிக்கும் அமைப்பு). அங்கே புகார் கொடுக்கக் காசு கிடையாது.