காலண்டர்ல கிடந்த ஆராய்ச்சி

நீலகிரி மலையில கூடலூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரா இருக்கேன். எங்க நர்ஸ் அக்கா ஒருத்தங்க சப்சென்டர் சுவத்துல தொங்குற மாச காலண்டர்ல சிவப்பு பேனாவால புள்ளி வச்சுட்டே இருப்பாங்க. என்னக்கா இதுன்னு கேட்டேன். "கை கால் நோவுதுன்னு அழுதுட்டு வர்ற பணியர் பழங்குடி காலனி பிள்ளைங்க சார், ஆனி ஆடி மழை பிடிச்சா புள்ளி எப்படி கூடுது பாருங்க"ன்னாங்க.

சிக்கில் செல்ங்கறது ரத்தத்து சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சுபோற பரம்பரை நோய், அது இருக்கறவங்களுக்கு குளிரும், உடம்புல தண்ணி குறையறதும் வலியை கிளப்பிவிடும்னு நாம படிச்சதுதான், ஆனா இந்த மலையில எந்த மாசம் எத்தனை பேருக்கு, மாத்திரையை முன்னாடியே கொண்டுபோய் குடுத்தா குறையுமான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, அக்கா காலண்டர்ல பாதி பதில் இருக்கு. மீதி பாதிக்குத்தான் காசு வேணும்.

1952லயே லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரி பழங்குடி மக்கள் ரத்தத்துல சிக்கில் செல் இருக்குன்னு எழுதிட்டாங்க. மத்திய அரசோட சிக்கில் செல் ஒழிப்பு மிஷன் வந்தது 2023 ஜூலையில, 40 வயசு வரைக்கும் 7 கோடி பேரை டெஸ்ட் பண்றது, 2047க்குள்ள ஒழிக்கறதுன்னு கணக்கு. நல்ல விஷயம்தான், குறை சொல்லல. ஆனா கீழ இருந்து டேட்டா மேல போயிட்டே இருக்கு, அதை வச்சு கேள்வி கேக்க கீழ யாருக்கும் நேரமும் இல்ல, பழக்கமும் இல்ல.

ரிசர்ச் ஃபண்டுன்னாலே மெஷின் வாங்கறதுன்னு நினைச்சுக்கறோம். எனக்கு வேண்டியது ஓபி இல்லாத அரை நாள், என்ட்ரி போட ஒரு ஆள், ஃபோன் பண்ணா எடுக்கற ஒரு புள்ளியியல்காரர், பணியர் பேச்சுலயே விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்கத் தெரிஞ்ச அந்த ஊர்ப் பொண்ணு ஒண்ணு, அவ்வளவுதான். ஒருதடவை ஒரு இடத்துக்கு அப்ளை பண்ணேன், அஞ்சு வருஷத்துல வெளியான கட்டுரை எத்தனைன்னு கேட்டாங்க, பூஜ்யம்னு எழுதினேன், அதோட சரி. நீச்சல் தெரிஞ்சாதான் குளத்துல இறங்கலாம்ங்கற கதை.

திருநெல்வேலி பக்கம் கல்லூர்ல கிராம சுகாதார ஆராய்ச்சிக்குன்னே அரசு ஒரு யூனிட் வச்சிருக்கு. அந்த மாதிரி ஒண்ணு மலைக்கும் வேணும், பெரிய கட்டடம்லாம் வேண்டாம். 1918ல மெக்காரிசன்ங்கற டாக்டர், சத்துக் குறைவால வர்ற பெரிபெரி நோய் பத்தின ஆராய்ச்சியை ஆரம்பிச்சதே நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஒத்தை ரூம்லதான், அதுதான் வளந்து 1958ல ஹைதராபாத் போயி இப்ப தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு.

போன வருஷ காலண்டரை அக்காகிட்ட கேட்டேன். பையன் நோட்டுக்கு அட்டை போட்டாச்சாம். ரெண்டு நோட்டை வாங்கி பிரிச்சுப் பாத்ததுல ஜூலை கிடைச்சுடுச்சு, ஆகஸ்ட் கணக்கு நோட்டுல இருக்காம், அது டீச்சர்கிட்ட இருக்கு.