ஓட ஓடப் பெட்ரோல் ஏறும் கார்

இராமநாதபுரத்தில் கிளம்பும்போது பெட்ரோல் முள் அரை டாங்கைக் காட்டியது. உச்சிப்புளி தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கி எழுந்தது. இரண்டு நிமிடத்தில் முள் முழு டாங்கை நெருங்கிவிட்டது. பக்கத்தில் வெப்பமானியும் சிவப்பை நோக்கி நகர்ந்தது. வண்டியின் சொந்தக்காரர் கீழக்கரைக்காரர். எனக்குக் காக்கா முறை, அதாவது அண்ணன். "தம்பி, இது பெட்ரோல் குடிக்கிற காரா, கறக்கிற காரா?" என்றார்.

அது டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஒரு காலத்தில் நம் தெருக்களில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு நெருங்கிய உறவு.

மண்டபம் ஊரில் நிறுத்திப் பானெட்டைத் திறந்தோம். எஞ்சின் கொதிக்கவில்லை. இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் ஏறியதுதான் துப்பு. தனித்தனியே இரண்டு மீட்டர் ஒரே நொடியில் கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்க வேண்டும்.

இந்த மீட்டர்களுக்குள் இருப்பது ஒரு சின்ன ஈருலோகப் பட்டை. சூடானால் ஒரு உலோகம் அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும். பட்டை வளையும், முள் நகரும். பட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய கம்பியில் ஓடும் மின்சாரம்தான் சூடு தருகிறது. எவ்வளவு மின்சாரம் என்பதை டாங்கில் மிதவையோடு இணைந்த சென்டரின் (sender, அளவை மீட்டருக்குச் சொல்லும் கருவி) மின்தடை முடிவு செய்யும். டாங்க் நிறைந்திருந்தால் சுமார் 20 ஓம், காலியென்றால் சுமார் 250 ஓம். எஞ்சினில் உள்ள வெப்ப சென்டரும் அப்படித்தான்: சூடு ஏற ஏற அதன் தடை குறையும். பட்டை மெதுவாகத்தான் சூடாகும் என்பதால், வளைவில் பெட்ரோல் அலம்பினாலும் முள் ஆடாது.

ஆனால் பேட்டரி மின்னழுத்தம் ஒரே நிலையில் இருக்காது. எஞ்சின் நின்றால் 12 வோல்ட், ஓடினால் 14க்கு மேல். அதை நேரடியாகக் கொடுத்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பெட்ரோல் கூடியதாகக் காட்டும். அதனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஸ்டெபிலைசர் ஒன்றை வைத்தார்கள். அதற்குள்ளும் ஒரு ஈருலோகப் பட்டைதான்! சூடானால் வளைந்து தொடர்பைத் துண்டிக்கும், ஆறினால் மறுபடி சேர்க்கும். இப்படி விட்டுவிட்டுப் போகும் மின்சாரத்தின் சராசரி 10 வோல்ட். சோம்பேறி மீட்டர்களுக்கு அந்தத் துடிப்பு தெரியாது. ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லாமல் இதைச் சாதித்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. ஸ்டெபிலைசரின் பட்டையைச் சூடாக்கும் மின்சாரம் அதன் தகர உறை வழியாகத்தான் எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடிக்குப் போகிறது. அந்த எர்த் விட்டுப்போனால் பட்டை சூடாகாது, தொடர்பு துண்டிக்காது, 14 வோல்ட் முழுசாக மீட்டருக்குப் பாயும். மின்னழுத்தம் 1.4 மடங்கானால் சூடு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அரை டாங்க் முழு டாங்காவது அப்படித்தான்.

விசைப்படகு மின்வேலை பார்க்கும் ஒருவர் தன் டெஸ்ட் பல்பை ஸ்டெபிலைசரின் வெளிவாயில் தொட்டுப் பார்த்தார். மின்னி மின்னி எரிய வேண்டிய பல்பு கண் இமைக்காமல் எரிந்தது. திருகைக் கழற்றினால் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கே ஓயாமல் பெயிண்ட் அடிக்க வைத்த உப்புக்காற்று இது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினார். வாசலினை முதலிலேயே உள்ளே அப்பிவிட்டு இறுக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வெப்பமானி நடுவுக்கு வந்தது. பெட்ரோல் முள்ளோ இறங்கி இறங்கிக் கால் டாங்குக்கே போய்விட்டது. குச்சி விட்டு அளந்தால் டாங்கில் ஏறக்குறைய பாதி இருந்தது. இப்போது ஒரு மீட்டர் மட்டும் பொய் சொல்கிறது. கோளாறு அதன் சொந்த வழியில்தான். சென்டர் ஒயரைக் கழற்றினால் முள் காலிக்கு விழ வேண்டும். ஒயர் நுனியைக் கண நேரம் பாடியில் தொட்டால் முழுசுக்கு ஏற வேண்டும். தொட்டபடியே வைத்திருந்தால் மீட்டரின் கம்பி கருகிவிடும். டாங்க் பக்கம் இதைச் செய்யவே கூடாது, ஒரு பொறி போதும். டேஷ்போர்டு முனையிலேயே சோதித்தோம், மீட்டர் நல்லது.

மிச்சம் டாங்கின் எர்த். பேட்டரியைக் கழற்றிவிட்டு டிக்கியைத் திறந்தால் அங்கும் அதே பச்சை. சென்டரின் தடையோடு துருவின் தடையும் சேர்ந்துகொள்ள, மீட்டருக்கு அது குறைந்த பெட்ரோலாகத் தெரிந்திருக்கிறது. ஒரே உப்பு ஸ்டெபிலைசரில் படிந்தால் கூட்டிச் சொல்கிறது, டாங்கில் படிந்தால் குறைத்துச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று ஓரளவு மறைத்தும் வந்திருக்கின்றன. சுத்தம் செய்தும் முள் காலியிலேயே கிடந்தால், மிதவையில் ஊசித்துளை விழுந்து அது மூழ்கியிருக்கலாம்.

ஸ்டெபிலைசருக்குப் பதில் 7810 என்ற 10 வோல்ட் ஐ.சி. போடலாம், விலையும் குறைவு. காக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பழசு பழசாவே இருக்கட்டும். எர்த்தை நான் பார்த்துக்கிறேன்," என்று வாசலின் டப்பாவை வாங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.